எந்தத் தெருவில் குடியேறுவது?

மணம் முடித்த இளைஞனும் இளம்பெண்ணும் அடுத்துத் தேடுவது மனை. காற்று வரவேண்டும், குழாயில் நீர் வரவேண்டும், குழந்தை நடந்து செல்லும் தொலைவில் பள்ளி வேண்டும், இரவில் பெண்கள் அச்சமின்றி வந்துசேரத் தெருவிளக்கு வேண்டும், ஊர் உறங்கி வழியாமல் கொஞ்சம் கலகலப்பும் வேண்டும். ஆய்ந்து பார்க்கவேண்டியவை இவை. ஆனால் கதவைத் திறக்கும் வீட்டுக்காரர் கேட்பதோ, "நீங்கள் என்ன ஆளுங்க?" நாகரிகம் கற்றவர் நயமாகக் கேட்பார், "சைவமா, அசைவமா?" என்று. இரண்டும் ஒரே கேள்விதான். பின்னது சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது!

சாதி மறுத்துச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்ட தோழர்கள் இதற்கு என்ன விடை கூறுவார்கள்? அவர்களுடைய திருமணத்தை, 1967-இல் அண்ணா தலைமையிலான அரசு சட்டப்படி செல்லும் திருமணமாக்கிற்று. சட்டமன்றம் ஏற்றதை எத்தனையோ திண்ணைகள் இன்னும் ஏற்கவில்லை. ஆகவே வீடு தேடும் நாம், தெருக்களின் வரலாற்றையும் சற்றுப் புரட்டிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டிலிருந்தே தொடங்கலாம். கோயிலுக்கு ஊர்களை எழுதிவைத்த இராசராசன், ஒவ்வோர் ஊரிலும் வரி நீக்கிய நிலங்களை வகைப்படுத்திக் கல்லிலே வெட்டுவித்தான். ஊர்நத்தம் தனி, கம்மாணச்சேரி தனி, பறைச்சேரி தனி, சில ஊர்களிலே தீண்டாச்சேரி என்று வேறொன்று. சுடுகாட்டிலும் பறைச்சுடுகாடு தனி! பத்தாயிரம் முறை 'பொற்காலம்' என்று பாடப்பட்ட காலத்தின் அரசாவணம் இது. ஆத்திரக்காரன் கட்டிவிட்ட கதையன்று. யார் எங்கே குடியிருப்பது என்பதைக் குடும்பம் தீர்மானிக்கவில்லை. பிறப்பு தீர்மானித்தது, அரசு பதிந்துகொண்டது.

நம்முடைய திருச்சிராப்பள்ளிக்கு வருவோம். வடக்கே திருவரங்கத்தில் கோயிலைச் சுற்றி ஏழு மதில்கள். வெளிமதில்களுக்கு இடையே வீதிகளும் வீடுகளும். உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் நெடுங்காலம் பார்ப்பனக் குடும்பங்களே மிகுதி. அகன்ற வீதி, அருகிலே ஆற்றுநீர், மதிலுக்குள்ளே அமைதி. குழந்தை வளர்க்க வேறென்ன வேண்டும் என்பீர்கள். எவர் வீட்டுக் குழந்தையை என்று கேட்டால் அந்த அழகு பாதி குறைந்துவிடும்.

காவிரியைக் கடந்து, மலைக்கோட்டையையும் தாண்டித் தெற்கே வந்தால் பாலக்கரை. பாலமும் கரையும் பெயரிலேயே இருக்கின்றன. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடும் பகுதி. அந்தப் பெயரும் இராசராசனின் பட்டப்பெயரே. மன்னன் விட்டுச்சென்ற சேரியைத் துடைக்க ஆயிரம் ஆண்டு போதவில்லை, வாய்க்காலையோ சாக்கடையாக்க நமக்குச் சில பத்தாண்டுகள் போதுமானதாயிற்று! ஒருபுறம் காந்தி மார்க்கெட், மறுபுறம் ரயில் சந்திப்பு, இடையிலே சகாயமாதா ஆலயம், கோயில்கள், பள்ளிவாசல், கடைகள், கொட்டகைகள். எந்த ஆகமமும் வகுத்துத் தராத ஊர்ப்பகுதி. சந்தையும் தொழிலும் வகுத்த பகுதி.

தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினத்திலிருந்த தன் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றிய ஆண்டு 1928. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலை நாடி வந்தனர். அவர்களுக்கு எழுந்த பொன்மலைக் குடியிருப்பில் வீட்டின் அளவு பதவியைப் பொறுத்தது. அதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. துரைக்குப் பங்களா, தொழிலாளிக்குச் சிறு வீடு. ஆயினும் பதவி உயரும், மாறும்; பிறப்பு உயருமா? அதே ரயில்வேயின் நிலையங்களில், உணவு விடுதியில் பார்ப்பனருக்குத் தனியிடம் இருந்ததையும் மறக்கவேண்டா. பெரியாரும் தோழர்களும் ஓயாமல் போராடிய பிறகு, 1941-இல்தான் அது ஒழிந்தது.

பாலக்கரையை ஒட்டிய சங்கிலியாண்டபுரத்தில் நடிகவேள் எம்.ஆர்.இராதா வாழ்ந்தார். அண்ணாவின் நாடகத்தில் சிவாஜியாக நடித்ததற்காகப் பெரியார் சூட்டிய பெயராலேயே உலகறிந்த கணேசனின் இளமையும் அங்கேதான். ரயில்வேத் தொழிலாளியின் மகன் நாடகக்காரனாக வளர, அப்படியொரு தெரு வேண்டியிருந்தது.

மற்றொரு பக்கம் வரகனேரி. வ.வே.சு. அய்யர் 1881-இல் பிறந்த இடம். இவரைப் பற்றிக் குழந்தை வளர்ப்போர் அவசியம் அறியவேண்டும். வீரர், கற்றவர், சாதி பாராது உண்ணக்கூடியவர் என்பர். 1922-இல் அவர் தோற்றுவித்த குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தது. தேசத்துக்கு மாணவர்களை வளர்த்துத் தருவதே நோக்கம் என்றார்கள். பொதுமக்கள் பணம், காங்கிரஸ் பணம். அங்கே பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனிப் பந்தி! பெற்றோர் விதித்த நிபந்தனை என்றார் அய்யர். இருவருக்காக மற்றச் சிறுவர் அனைவரும் ஒவ்வொரு வேளையும் தாழ்வைச் சோற்றோடு பிசைந்து உண்ணவேண்டும் என்பதை அந்த நல்லவரால் உணர முடியவில்லை. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எதிர்த்தனர், நாடே இரண்டுபட்டது. 1925-இல் அய்யர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில், வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டதால், பெரியார் காஞ்சிபுரம் மாநாட்டைவிட்டு வெளியேறினார்.

கல்வி வந்தால் கதவு திறக்குமா? கொலம்பியாவில் படித்த அம்பேத்கர் 1917-இல் பரோடா அரசின் பணிக்குச் சென்றார். தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயருடன் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். செத்தாலாவது விடுவார்களா? பாலக்கரைக்கு அருகே மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், தாழ்த்தப்பட்ட கிறித்தவரின் கல்லறைகளைப் பிரித்துச் சுவரெழுப்பினார்கள்.

தெருவை மாற்றிக் கட்டவும் நம் நாட்டில் முயன்றிருக்கிறார்கள். 1997-இல் கலைஞர் அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரம், முதன்முதலாக 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் 40 தாழ்த்தப்பட்டோருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 பிறருக்கு. சிங்கப்பூர் அரசு 1989 முதல், அடுக்குமாடி வீடுகளில் ஒரே இனத்தவர் குவியாதபடி வரம்பு வைத்திருக்கிறது. தமிழர் குடும்பங்களும் அந்தக் கணக்கில் அடங்கும். வீடு விற்கும்போது இதனால் தொல்லை என்ற குறை உண்டு. குறையை எடைபோட்டுப் பார்க்கட்டும். நாங்குநேரியையும் மறுதட்டில் வைக்கட்டும். 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு மாணவனை வீட்டுக்குள்ளேயே வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள்! தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பூட்டும் காவலாளியும் இருந்தால் பாதுகாப்பு என்று எண்ணும் பெற்றோர் அந்த ஊரை நினைக்கவேண்டும்.

பாலக்கரை சொர்க்கம் என்று நாம் கூறவில்லை. இரைச்சல் உண்டு, நெரிசல் உண்டு, சாலையைக் கடக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும், இங்கும் "என்ன ஆளுங்க?" என்று கேட்கும் வாய்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு வாசலில் மறுத்தால் அடுத்த வாசலைத் தட்டலாம். மதிலுக்குள் அந்த வசதி இருந்ததில்லை. வீடு பார்க்கச் செல்லும் தோழர்கள், வாய்க்காலோரத்து வீடென்றால் மழைக்காலத்தில் சென்று பார்க்கட்டும். பள்ளிவிடும் மாலைநேரத்தில் ஒருமுறை போகட்டும். அந்தத் தெருப் பிள்ளைகள் விளையாடிக் களைத்தபின் எந்தெந்த வீட்டில் நுழைந்து தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதை நின்று கவனித்துவிட்டு, அதன் பிறகு முன்பணம் கொடுக்கட்டும்.