ஸ்டோருக்குள் நுழையாத துப்பறிவாளன்

மர்மப் படமெடுக்கத் தேயிலைத் தொழிற்சாலையை விஞ்சிய களம் உண்டோ? தோட்டத்தார் அதை 'ஸ்டோர்' என்பர். மேல்மாடியில் இரவெல்லாம் வாடும் கொழுந்து, கீழே அரைக்கும் எந்திரங்களின் இரைச்சல், வெளியே அட்டனின் பனிமூட்டம். உள்ளே ஒருவன் அலறினாலும் கேளாது.

ஆயினும் நான் பார்த்த மலையகப் படங்களில் துப்பறிவாளன் எவனும் அங்கு நுழைந்ததில்லை. வி.பி. கணேசனின் 'புதிய காற்று' (1975) தொழிலாளர் துயரைப் பேசியது. அவர் தொழிற்சங்கவாதி அல்லவா!

கதை கிடைக்காமலா போயிற்று? ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் நடந்த முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரி 10 அன்று தொழிலாளி கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பறியும் படங்களில் கொலையாளியைப் பொலிஸ் தேடும். இங்கே சுட்டதே பொலிஸ். யார் என்பதன்று, ஏன் என்பதே மர்மம். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றிச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். எந்தத் திரைக்கதையாசிரியனும் விரும்பும் காட்சி அது.

1941 மே மாதம் புசல்லாவைப் பகுதியின் ஸ்டெலன்பேர்க் தோட்டத்துரை போப் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் இரு தொழிலாளர் 1942இல் தூக்கிலிடப்பட்டனர். கோவிந்தனுக்காக எவரும் தூக்குமேடை ஏறவில்லை. இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்து ஒரு படம் எடுக்கத் தமிழில் இன்னும் ஆளில்லையா?