கீழாநெல்லியும் கிரேடு ஒன்னும்

தமிழ்நாட்டின் பல ஊர்களைப் போலவே பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டைப் பக்கமும் கண் மஞ்சளித்தால் முதலில் தேடுவது வரப்போரத்துக் கீழாநெல்லியைத்தான். வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் வைத்து அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு உருட்டி, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிப்பது வழக்கம். கூடவே பத்தியம்: எண்ணெய், தாளிப்பு, புளி, காரம் எதுவும் கிடையாது, ஒருவருக்குக் காமாலை வந்தால் வீட்டுக் குழம்பே மாறிவிடும். தண்ணீராலும் உணவாலும் பரவும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடுகிற நோய் என்பதால், கீழாநெல்லிக்குக் கிடைத்த பேரில் பாதியாவது உடம்புக்குச் சேர வேண்டியது. ஆனால் அந்த வழக்கத்தின் அமைப்பு கவனிக்கத் தக்கது. வைத்தியர் சொல்வதோடு சரி. மருந்தை அரைப்பதும் உலையை மாற்றுவதும் நாக்கைக் கட்டுவதும் நோயாளியும் அவர் வீட்டாரும். ஈரல் வைத்தியத்தில் நோயாளி வெறுமனே வாயைத் திறப்பவராக இருந்ததில்லை. கொழுப்பு ஈரலுக்கு மருந்து தேடும் இன்றைய உலகம் அந்த இடத்தை அவருக்குத் திருப்பித் தராமல் வெகுதூரம் போக முடியாது என்பதே என் வாதம்.

அந்த இடம் அவரிடமிருந்து எப்படிப் போனது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பதிவு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க் உள்ளிட்டோருடன் சேர்ந்து, கீழாநெல்லியை ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். முடிவு 1988இல் ‘லான்செட்’ இதழில் வந்தது: மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது, போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 1990இல் தாய்லாந்தில் செய்த சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை; பிற்பாடு நியூசிலாந்திலும் இல்லை. இதற்காகச் சென்னை ஆய்வைக் குறை சொல்வது நியாயமல்ல. நாட்டு மருந்தைச் சோதனைக்கு உட்படுத்தியதே பெரிய காரியம். சோதனைக்குள் போனது செடி மட்டும்தான் என்பதே நான் காட்ட விரும்புவது. பத்தியமும் வீடும் வெளியே நின்றன. நோயாளி ரத்தம் கொடுக்கும் கையாக ஆனார். கிருமி நோய்க்கு அது போதும், பத்தியத்தால் கிருமி ஓடிவிடாது. கொழுப்பு ஈரலில் கதையே வேறு.

இந்த நோய் கண்ணை மஞ்சளாக்குவதில்லை. வேறெதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் ‘கிரேடு ஒன் ஃபேட்டி லிவர்’ என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அதன் வரலாறு தொடங்குவதே குடி பற்றிய கேள்வியில். 1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக்கும் உடனிருந்தவர்களும் 20 நோயாளிகளின் ஈரல் திசுவைப் பார்த்தார்கள். பார்வைக்குக் குடிகாரர் ஈரல். ஆட்களோ குடிப்பழக்கம் இல்லாதவர்கள். நோயாளியின் சொல்லை நம்பியதால்தான் ‘மது சாராத’ என்ற பெயரே பிறந்தது. 2023இல் நோயாளி அமைப்புகளும் மருத்துவர்களோடு உட்கார்ந்து, மதுவையும் கொழுப்பையும் சுட்டும் பழைய பெயர் ஆளைக் கூசவைக்கிறது என்று அதை மாற்றினார்கள். மேற்கு வங்கத்து பீர்பூம் கிராமங்களில் 1,911 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு இன்னொரு நம்பிக்கையைக் கலைத்தது: ஈரலில் கொழுப்பு இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உடல் எடையும் கூடுதல் இல்லை, தொப்பையும் இல்லை. காட்டு வேலை செய்யும் ஒல்லி ஆளுக்கு இது வராது என்று வேப்பந்தட்டையிலும் யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

மருந்து வராமல் இல்லை. சைடஸ் நிறுவனத்தின் சாரோகிளிட்டசாருக்கு 2020இல் இந்தியா அனுமதி தந்தது. ரெஸ்மெடிரோமுக்கு 2024 மார்ச்சில் அமெரிக்கா. ரெஸ்மெடிரோம் சோதனையில் இருந்தவர்கள் 966 பேர். தொடக்கத்திலும் ஓராண்டு கழித்தும் ஊசியால் ஈரல் துணுக்கை எடுத்துப் பார்த்ததில், கூடுதல் அளவு எடுத்தவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்குக் கொழுப்பால் வந்த ஈரல் அழற்சி தீர்ந்திருந்தது. போலி மருந்தில் இது 10 விழுக்காடு. கியூபாவில் 293 பேர் ஓராண்டு உணவையும் நடையையும் மாற்றிப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. எடையில் 10 விழுக்காடு குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு அழற்சி தீர்ந்தது. ஆனால் அந்த அளவு குறைத்தவர்கள் பத்தில் ஒருவர்தான். இரண்டும் வெவ்வேறு ஆட்கள், நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியல்ல. ஆனாலும் மற்ற ஒன்பது பேர் ஏன் குறைக்கவில்லை என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. அதற்கு ஆய்வகத்தில் விடை கிடையாது, வயலிலும் அடுப்படியிலும்தான் தேட வேண்டும். வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வட்டாரம் முழுக்கப் பருத்தியும் மக்காச்சோளமும். வரகும் கம்பும் நின்ற மானாவாரி நிலத்தில் இப்போது விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. விளைவித்தவர் வீட்டு உலையில் கொதிப்பது 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வரும் ரேஷன் அரிசி. அந்த அரிசி பசியைத் தீர்த்தது, அதை ஏளனம் செய்பவர் பசி அறியாதவர். ஆயினும் ‘மாவுச்சத்தைக் குறையுங்கள்’ என்று சீட்டில் எழுதும்போது, அரிசியைக் குறைத்தால் தட்டில் எதை வைப்பது, அதை என்ன விலைக்கு வாங்குவது என்பதை அந்த வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும்.

நோயாளியைக் கேட்டால் கீழாநெல்லியைத்தான் சொல்வார் என்பது மருத்துவர்களின் தடை. அற்பமான தடையல்ல. கொரோனாக் காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்த சிலரின் ஈரல் கெட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஆனால் நோயாளியைச் சேர்ப்பது மருந்தைத் தேர்வு செய்யும் வேலையை அவரிடம் விடுவதல்ல. எந்தக் கேள்வியைச் சோதிப்பது, எத்தனை முறை ஊசி குத்தினால் தாங்குவார், களையெடுப்பு நாளில் பரிசோதனைக்கு எப்படி வருவார், எது நடந்தால் குணம் என்று சொல்வார் என்பதில் அவர் குரல் வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லும் அதிகாரம் எண்ணிக்கைக்கே இருக்கட்டும். லான்செட்டின் 37 பேரும் அதைத்தான் கற்பிக்கிறார்கள். மற்றொரு தடை, இதெல்லாம் நகரத்து நோய்க்கான ஆடம்பரம் என்பது. சென்னையில் 2009இல் வெளியான ஆய்வில் 32 விழுக்காட்டினருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது உண்மை. ஆனால் ஒன்றிய அரசே 2021 பிப்ரவரியில் இந்நோயைத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்துவிட்டது; அத்திட்டத்தில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையமும் அடக்கம். உணவுப் பக்கம் ஒரு சிறு தொடக்கமும் நடந்திருக்கிறது. 2023 மே மாதம் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் நீலகிரியிலும் தருமபுரியிலும் தொடங்கியது. பெரம்பலூர் மாவட்டம் அந்தத் தொடக்கப் பட்டியலில் இல்லை.