வெறுங்கழகம் அன்று!
(பார்சலோனாவின் சக்கர வளைகோல் அணி வரலாறு)

விளையாட்டு வீண்பொழுது போக்கு அன்று. ஒரு மக்கட் கூட்டத்தின் கட்டுப்பாட்டையும் ஒற்றுமையையும் அது காட்டிவிடும். தங்கவயலிலே கால்பந்தையும் வளைகோற்பந்தையும் அறியாத பிள்ளைகள் இலர். ஆயின், காலிலே சக்கரங் கட்டிக்கொண்டு ஆடும் வளைகோற்பந்தைக் கண்டவர் நம்மிடையே மிகச் சிலரே. 'ரோலர் ஹாக்கி' என வழங்கும் அவ்வாட்டத்திற் புகழ் நாட்டிய ஓர் அணியின் வரலாறு, சங்கம் வைத்து வாழும் நமக்குப் பெரிதும் பயன்படுவதாகும்.

ஆட்டமும் அதன் பிறப்பும்

பக்கத்திற்கு ஐவர், அவருள் ஒருவர் பந்துக்காவலர். ஒவ்வொரு காலணியிலும் நான்கு சக்கரங்கள் உண்டு. வழுவழுப்பான தளம் ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது. பந்து சிறியது, கடினமானது. வேகத்தை அடக்கத் தெரியாதவன் இவ்வாட்டத்தில் வேகத்தாலேயே வீழ்வான். இங்கிலாந்தில் வளர்ந்த இவ்வாட்டத்தில் முதலில் ஆங்கிலேயரே கோலோச்சினர். 1926-ஆம் ஆண்டு ஹெர்ன்பே நகரில் நடந்த முதல் ஐரோப்பியப் போட்டியிலும், 1936-ஆம் ஆண்டு ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த முதல் உலகப் போட்டியிலும் அவர்களே வென்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அம்முதன்மை போர்ச்சுகலுக்கும் ஸ்பெயினுக்கும் கைமாறிற்று.

சோதனையிற் பிறந்த அணி

பார்சலோனாக் கழகத்தை 1899-ஆம் ஆண்டு நிறுவியவர் கம்பர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டினர். பிழைப்பை நாடி வந்த அயலார் ஒருவர் அமைத்த கழகம், கட்டலான் மொழி பேசும் மக்களின் நெஞ்சகமாக மாறியது வியப்பன்றோ! உள்நாட்டுப் போரின்போது, 1936-இல், கழகத் தலைவர் சுன்யோல் சுட்டுக் கொல்லப்பட்டார். போரில் வென்ற பிராங்கோவின் ஆட்சி, கட்டலான் மொழியைப் பொதுவாழ்விலிருந்து ஒதுக்கியது. கழகத்தின் பெயர் ஸ்பானிய வடிவிற்கு மாற்றப்பட்டது. சின்னத்திலிருந்த கட்டலோனியக் கொடியின் நான்கு கோடுகள் இரண்டாயின. 1949-இல் தான் அவை மீண்டும் நான்காயின. அத்தகைய இருண்ட நாளிலே, 1942-ஆம் ஆண்டில், சக்கர வளைகோல் அணி தோன்றியது.

வெற்றி உடனே வந்துவிடவில்லை. 1971-இல் கழகத்திற்கென உள்ளரங்கம் எழுந்தது. 1973-இல் முதல் ஐரோப்பியக் கோப்பை கிட்டியது. பின்னர் 1978 முதல் 1985 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அக்கோப்பை வேறெவர் கைக்கும் போகவில்லை. இதுகாறும் அவ்வணி வென்ற ஐரோப்பியக் கோப்பைகள் இருபதுக்கும் மேற்பட்டவை. 1992-ஆம் ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக்கில் இவ்வாட்டம் கண்காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. இறுதியாட்டம் அக்கழகத்தின் அரங்கிலேயே நடந்தது. ஆயினும் அர்ஜென்டினா 8-6 எனும் கணக்கில் ஸ்பெயினை வென்றது. சொந்த மண்ணும் வெற்றிக்கு உறுதி கூறாது என்பது இதனால் விளங்கும்.

நிலைத்தது எதனால்?

இவ்வாட்டத்தில் வருவாய் குறைவு. கால்பந்து ஈட்டும் பொருளே இதனைத் தாங்கி, ஆடுவோர்க்கு ஊதியமும் அளிக்க உதவுகிறது. மூத்தவன் சம்பாத்தியத்தில் இளையவன் படிப்பதைப் போன்றது இது. மேலும், கழகத்தின் உரிமையாளர் எந்த முதலாளியும் அல்லர். சந்தா செலுத்தும் உறுப்பினர்களே ஆவர். தங்கள் கழகம் 'வெறுங்கழகம் அன்று' என அவர்கள் பெருமையுறுவது இதனாலன்றோ!

நம் நிலையை எண்ணுவோம். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத் தொழிலை வளர்த்தது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த நம் முன்னோர் பூமிக்கடியில் உழைத்தனர். மேலே துரைமார்க்கெனக் கழகங்கள் எழுந்தன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கம் மூடப்பட்டது. அதனை நம்பி நின்ற நலன்கள் பலவும் தளர்ந்தன. கம்பெனி கொடுத்தது கம்பெனியோடு போயிற்று. நாம் கூடி அமைத்த சங்கமோ நம்மோடு நிற்கிறது. இன்று நம் இளைஞர் விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். அவர்தம் பிள்ளைகளை மாலையில் ஆடுகளத்திற்கு அழைத்துச் செல்வார் யார்? தந்தைக்கு ஓய்வில்லை எனின், அக்கடமை சங்கத்தைச் சார்ந்ததே.

சக்கரக் காலணி நமக்கு எட்டாக்கனியும் அன்று. சென்னை இளைஞர் ஆனந்த்குமார் வேல்குமார், 2025-ஆம் ஆண்டு சீனத்தில் நடந்த சக்கரச் சறுக்கு உலகப் போட்டியில் 1000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். தமிழன் காலுக்கும் அவ்வேகம் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, ஆண்டுவிழாவிற் கூடும் பெரியோர்களே! நம் சந்தாவில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் விளையாட்டுக்கென ஒதுக்குவோம். எந்த ஆட்டமாயினும் ஆகுக. ஒன்றைத் தொடங்கி, வெற்றி வரும்வரை பொறுத்து நடத்துவோம். 1942-இல் தொடங்கிய அணி, முதல் ஐரோப்பியக் கோப்பைக்கு முப்பத்தோராண்டு காத்திருந்ததை மறவாதிருப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!