மன்னர் முகமும் ஒரு செப்புக் காசும்

1761இல் இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் முடிசூடினார். ஸ்கொட்லாந்துக்காரரான அலன் ராம்சே அந்தக் கோலத்திலேயே அவரை ஆளுயரத்துக்கு வரைந்தார். பொன்னிழை அங்கி, வெண்மயிர் வைத்த நீண்ட போர்வை, பின்னால் பெருந்தூண். பட்டின் பளபளப்பும் முகத்தின் மென்மையும் பிரான்சின் ரொக்கோக்கோ பாணிக்கு நெருக்கமானவை. தூணும் நிற்கும் நிதானமும் பழைய ரோமாபுரியை நினைவூட்டும். தூதுவர்களுக்கும் குடியேற்ற நாட்டு ஆளுநர்களுக்கும் அனுப்ப இந்தப் படம் ஏராளமாகத் தேவைப்பட்டது. பிலிப் ரைனாகில் முதலிய உதவியாளர்கள் ஆண்டுக்கணக்கில் இதையே திரும்பத் திரும்ப வரைந்தார்கள். மன்னர் காலடி படாத ஊர்களில் அவர் படம் கொலுவிருந்தது.

இலங்கைச் சனங்களின் கைக்கு அந்த முகம் வேறு கோலத்தில் வந்தது. லண்டன் நாணயசாலை இலங்கைக்கென்றே 1815ஆம் ஆண்டு பொறித்து அரை, ஒன்று, இரண்டு ஸ்டைவர் செப்புக் காசுகளை அடித்தது. அதில் பட்டும் இல்லை, போர்வையும் இல்லை. ரோமச் சக்கரவர்த்தி போல இலைமாலை சூடிய பக்கவாட்டுத் தலை. மறுபக்கம் யானை. நாற்பத்தெட்டு ஸ்டைவர் சேர்ந்தால் ஒரு ரிக்ஸ்டாலர். அரை நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்களின் ரசனை எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதை, ராம்சேயின் ஓவியத்தையும் இந்தக் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே கண்டுகொள்ளலாம்.

அதே 1815, மார்ச் 2ஆம் திகதி, கண்டி ஒப்பந்தம் ஊவாவையும் சேர்த்துக் கண்டி இராச்சியத்தை இந்த மன்னரின் பெயருக்கு எழுதிக்கொடுத்தது. அந்த நாளில் அவர் வின்ட்சர் மாளிகையில் பார்வையிழந்து, புத்தி பேதலித்துக் கிடந்தார். 1811 முதல் ஆட்சி நடத்தியவர் மகன். காசிலோ கிழவர் திடகாத்திரமான வீரராகத் தெரிகிறார். இதைவிடப் பெரிய பொய்யை எந்த அரசவை ஓவியரும் தீட்டியதில்லை என்பேன்.

இரண்டே ஆண்டில் ஊவாவும் வெல்லஸ்ஸவும் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தன. கிளர்ச்சிக்குத் தலைவராக முன்வந்தவர் தன்னை நாயக்க வம்சத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டார். அடக்க வந்த படை வீடுகளையும் வயல்களையும் எரித்தது. கிளர்ச்சியில் சேர்ந்த கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஜார்ஜ் 1820இல் இறந்தார். மலையகத் தோட்டங்களுக்குத் தமிழர்களாகிய நம்மவர்கள் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

ஊவாவின் பதுளைப் பக்கம் யார் வீட்டுப் பெட்டியிலாவது யானை போட்ட பழைய செப்புக் காசு கிடந்தால், தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீர்கள், பழைய செம்பு விலைக்கு எடை போட்டும் கொடுத்துவிடாதீர்கள். துலக்கினால் அந்த முகம் தேய்ந்துவிடும். பிள்ளைகளிடம் காட்டி, கதையையும் சொல்லிக்கொடுங்கள்.