புதுச்சேரி நீர்நிலை மரபில் தேவரடியார்

புதுச்சேரி வட்டாரத்தின் சில நீர்நிலைகள் தேவரடியார் மரபைச் சேர்ந்த பெண்களால் அமைக்கப்பட்டவை என்பது அப்பகுதியில் வழங்கும் செவிவழிச் செய்தியாகும். வில்லியனூர்ப் பக்கமுள்ள முத்திரையர்பாளையத்தின் ஆயி குளமும், பாகூர் ஏரிக்கு நீர் கொணரும் பங்காரு வாய்க்காலும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

பின்னணி

தேவரடியார் என்போர் கோயில்களில் ஆடல், பாடல் முதலிய பணிகளைச் செய்த பெண்கள் ஆவர். இவர்கள் கோயில்களுக்குப் பொன், நிலம், நந்தா விளக்கு ஆகியவற்றைக் கொடையளித்த செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. தம் பெயரில் சொத்து வைத்திருக்கவும் அதனை அறப்பணிக்கு வழங்கவும் இவர்களால் முடிந்தது. ஏரிப் பாசனத்தை நம்பிய இவ்வட்டாரத்தில் குளம் வெட்டுதல் பேரறமாகக் கருதப்பட்டது.

ஆயி குளம்

விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் (ஆட்சி 1509-1529) இவ்வழியே சென்றபோது, விளக்கொளியில் விளங்கிய ஒரு மாளிகையைக் கோயிலென எண்ணி வணங்கினார் என்பது கதை. அது ஆயி என்னும் தாசியின் வீடு என்று அறிந்ததும், சினங்கொண்டு அதனை இடிக்க ஆணையிட்டார். தானே அதனை இடித்து, அவ்விடத்தில் ஊருக்குப் பயன்படும் குளம் ஒன்றை வெட்ட இசைவு தருமாறு ஆயி வேண்டினார். அவ்வாறு தோன்றியதே ஆயி குளம் என்பர்.

பிரெஞ்சு ஆட்சியில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் (1852-1870), முத்திரையர்பாளையத்திலிருந்து புதுச்சேரி நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. இதன் நினைவாக ஆயி மண்டபம் எழுப்பப்பட்டது. பாரதி பூங்காவின் நடுவில் அமைந்துள்ள இம்மண்டபம் புதுச்சேரி அரசின் சின்னமாகவும் விளங்குகிறது. வீட்டை இழந்ததாகக் கூறப்படும் பெண்ணின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

பங்காரு வாய்க்கால்

புதுச்சேரிப் பகுதியின் இரண்டாவது பெரிய ஏரி பாகூர் ஏரியாகும். தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இதற்கு நீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்னும் தேவரடியார் சகோதரிகள் தம் செல்வத்தைக் கொண்டு வாய்க்கால் வெட்டினர் என்பது ஊர் வழக்கு.

பிற்காலம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 1999இல் தொடங்கிய ஏரிகள் மறுசீரமைப்புத் திட்டத்தில், ஊர்தோறும் ஏரிச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் பெண்களும் இடம்பெற்றனர். 1968க்குப் பின்னர் 2006இல் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. இதனால் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பொறுப்பேற்றனர். முற்காலத்தில் செல்வமுடைய ஒரு சில பெண்களின் கொடையாக இருந்த ஊர்ப்பணி, இதன்வழி வாக்குப் பெற்ற பெண்களின் கடமையாயிற்று. அம்மன்றங்களின் பதவிக்காலம் 2011இல் முடிவுற்றது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தல் நடத்தப்படாமல், ஊராட்சிகள் அலுவலர்களின் நிருவாகத்தில் இருந்தன.