ஸஹனில் யாருடைய பெயர்?



நம்ம பள்ளிவாசலுக்குப் புது ஸஹன்கள் வாங்கப் போகிறோம். எல்லாம் துருப்பிடிக்காத உருக்கு. டவுனில் லேசர் மெஷின் வைத்திருக்கும் கடையில் பெயரும் சின்னமும் அடித்துத் தருவார்களாம். “வாங்கித் தந்தவர்களின் பெயரைப் போடுவோம்” என்கிறார் ஒருவர். “பெயரே வேண்டாம், அது முகஸ்துதி” என்கிறார் இன்னொருவர். ஜும்ஆவுக்குப் பிறகு பேச்சு கொஞ்சம் சூடாகிவிட்டது. வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் என்னிடமும் கேட்டார்கள். அங்கே நின்று சொல்லி முடிக்க முடியவில்லை, இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் வீட்டுப் பழைய செம்பு ஸஹனைக் கவிழ்த்துப் பாருங்கள். பல வீடுகளில் அடியில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து இருக்கும். கலியாணத்துக்குப் பத்து வீட்டு ஸஹன் ஒன்றாகச் சேரும். கழுவி அடுக்கிய பிறகு எது யாருடையது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்த எழுத்து.

செய்தவரின் பெயரைப் பொறிப்பதும் நம் மரபில் உண்டு. பிரித்தானிய நூதனசாலையில் ஒரு பித்தளைக் கூஜா இருக்கிறது. வெள்ளியும் செம்பும் பதித்து, ஹிஜ்ரி 629 ரஜப் மாதம், அதாவது கி.பி. 1232இல், ஈராக்கின் மவ்ஸில் நகரில் செய்யப்பட்டது. ஷுஜா இப்னு மன்ஆ என்ற கைவினைஞர் தன் பெயர், மாதம், வருடம், ஊர் எல்லாவற்றையும் அதில் பொறித்திருக்கிறார். எட்டு நூற்றாண்டு கழிந்தும் அந்த வேலைக்குப் பொறுப்பாளி அவரே.

நம் நாட்டு உருக்கின் கதை வேறு. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ மலைச்சரிவுகளில், பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்த இரும்பு உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜுலெப் தோண்டி எடுத்தார். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைமையானவை. அந்த ஆய்வு 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அறிஞர் அல்கிந்தி, ஸரந்தீப் உருக்கையும் குறிப்பிடுகிறார். அதை உருக்கிய ஒருவருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. தீவின் பெயர் மட்டும் நின்றது.

இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்தில் இது சட்டமாகவே ஆனது. 1624இல் அமைந்த கத்தி செய்வோர் சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் தனி முத்திரை. கத்தி சரியில்லையென்றால் எந்தக் கம்மாலையில் போய்க் கேட்பது என்று முத்திரை சொல்லும். அதே நகரத்தில்தான் 1913இல் ஹரி பிரேர்லி, ஏறத்தாழ 13 வீதம் குரோமியம் கலந்து, துருப்பிடிக்காத உருக்கை வார்த்தார்.

இனி லேசருக்கு வருவோம். 1960 மே 16இல் தியடோர் மைமன் அமெரிக்காவில் முதல் லேசரை இயக்கினார். இன்று அந்த ஒளி எழுத்தாணியாகிவிட்டது. அது உருக்கில் எழுதும் முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று, உலோகத்தை ஆவியாக்கிப் பள்ளம் வெட்டுவது. மற்றது, மேற்பரப்பை அளவாகச் சூடாக்குவது. இந்த உருக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஒட்சைட்டுப் படை ஒன்று இருக்கிறது. துருவைத் தடுப்பது அதுதான். சூட்டில் ஒட்சைட்டுப் படை தடிக்கும்போது அந்த இடம் கறுப்பாகத் தெரியும். நகத்தால் தடவினாலும் மேடு பள்ளம் இராது.

சூடு கூடிவிட்டால் அந்த இடத்துக் குரோமியத்தின் காவல் குலைந்துவிடும். பிறகு பெயர் எழுதிய இடத்திலிருந்தே துரு தொடங்கும். சத்திரசிகிச்சை உபகரணங்களில் எழுதுவோர் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். கழுவித் திரும்பத் திரும்பப் பாவிக்கும் மருத்துவ உபகரணங்களின் மேலேயே தனி அடையாளக் குறி இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 2013இல் விதி கொண்டுவந்தது. ஒரு கத்திரிக்கோலில் பிழை வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கத்தான்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. பெயர் வேண்டாம் என்பவரிடம்: அடையாளம் இல்லாத பொதுச்சொத்து மெல்ல மெல்லக் காணாமல் போகும், கணக்குக் கேட்கவும் ஆள் இராது. பெயர் போடுவோம் என்பவரிடம்: வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கொடுத்தவரை அல்லாஹ் அறிவான். சோறு உண்ணும் பிள்ளை அறியத் தேவையில்லை.

பள்ளிவாசலின் பெயர், ‘வக்ஃப்’ என்ற சொல், ஹிஜ்ரி வருடம், ஸஹனின் இலக்கம். இவ்வளவும் போதும். உள்ளே வேண்டாம், அடிப்பக்கத்தில் போடுவோம். பள்ளம் வெட்டினால் அழுக்குத் தங்கும். கறுப்பு எழுத்தாகக் கேட்போம். முதலில் ஒரு ஸஹனில் அடித்து, இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்ப்போம். துரு வராவிட்டால் மற்றவற்றைக் கொடுப்போம்.

நிர்வாக சபையினர் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், ஆனால் மரியாதையோடு. நாம் ஒரே ஸஹனைச் சுற்றி உட்காருகிறவர்கள்.

வஸ்ஸலாம்.