சாலை நீரும் ஏரி வண்டலும்: செங்கற்பட்டுப் பிரதேசத்தில் நீர் தெளிவித்தலின் வரலாறு

முன்னுரை

செங்கற்பட்டு என்னும் பெயர் செங்கழுநீர்ப்பட்டு என்பதன் மரூஉ என்பர். நீர்ப்பூ ஒன்றின் பெயரைத் தாங்கிய அவ்வூர் தொடங்கி மாமல்லபுரக் கடற்கரை வரை பரந்து கிடக்கும் பிரதேசம், பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடப்பதால், ஐப்பசி கார்த்திகை மழையை ஏரிகளில் தேக்கி வைத்தே ஜீவித்து வந்திருக்கிறது. சாலையோரப் பள்ளங்களில் புல்லையும் மண்ணையும் கொண்டு மழைநீரைத் தெளிவிக்கும் முறை மேனாட்டார் கண்ட புதிய சாஸ்திரமாக இன்று பேசப்படுகிறது. அதன் அடிப்படைக் காரியங்களுட் சில இப்பிரதேசத்து ஏரிகளில் நெடுங்காலமாக நிகழ்ந்து வந்தவையே என்பதையும், பள்ளம் வெட்டுவதினும் அதிற்படிந்த வண்டலை அகற்றுவதே அம்முறைக்கு உயிர் என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

வாரியத்தின் காலம்

பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வழியே பரமேசுவர தடாகத்துக்கு நீர் கொணர்ந்த செய்தியை, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவனான முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு கூறுகிறது. இத்தகைய ஏரிகள் பாசனத்துக்காக எழுந்தவையேயன்றி நீரைச் சுத்திகரிக்க எழுந்தவை அல்ல. எனினும், வரத்துக்காலில் விரைந்து வரும் செந்நீர் அகன்ற உள்வாயில் பரவி வேகம் இழந்து, கோரையும் சம்பும் அடர்ந்த ஓரங்களில் நுழையும்போது, மணல் முன்னும் வண்டல் பின்னுமாகப் படிந்துவிட, மதகை அடையும் நீர் பெரிதும் தெளிந்திருக்கும். குமிழித் தூம்பில் நீர் செல்ல ஒரு துளையும் சேறு செல்லச் சேறோடித் துளையும் தனித்தனியே அமைத்த தச்சர், இந்த இயல்பை நன்கு அறிந்திருந்தனர்.

படிந்தது தங்கினால் ஏரி தூர்ந்துபோம். ஆகவேதான், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்ச் சாசனங்கள், ஏரியைப் பேணும் சபைக் குழுவாகிய ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் அறுவரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்க விதி வகுத்தன. ஓடம் விட்டு ஏரி மண்ணை வாரிக் கரையில் இடுவதற்கென்றே நிவந்தம் அளித்த செய்திகளும் சோழர் காலக் கல்வெட்டுகளிற் காணப்படுகின்றன. வாரியெடுத்த வண்டல் வயலுக்கு எருவுமாயிற்று. துப்புரவுக்குக் கூலி கொடுக்க வேண்டிய தேவையை அவ்வண்டலின் பயனே பெருமளவு குறைத்தது எனலாம்.

குடிமராமத்து

1763-இல் இப்பிரதேசம் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஜாகீர் ஆயிற்று. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய அளவீடு ஊர்தோறும் ஏரிகளைக் கணக்கெடுத்தது. 1790-களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்ட கதை, ஏரி காத்த ராமர் ஐதிகத்தோடு இணைந்து இன்றும் வழங்குகிறது. 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம், ஊரார் கூடி உழைத்து ஏரியைப் பேணும் வழக்கமாயிருந்த குடிமராமத்தைக் கட்டாயக் கடமையாக்கியது. 1883-இல் அரசாங்கமே ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழம்பெயரையே மீண்டும் எடுத்தாண்டதை நோக்குமிடத்து, இடைக்காலத்தில் நழுவிப்போனது ஏரிகளை வெட்டும் வித்தையன்று, பேணும் ஏற்பாடே என்பது விளங்கும்.

சாலையின் அழுக்கு

மழைநீரை விரைவில் வெளியேற்றுவதையே தர்மமாகக் கொண்டது சிமெண்டு வடிகால். சாலை நீரோ வெறும் சேற்று நீர் அன்று: டயர் தேய்வால் துத்தநாகமும், பிரேக் தேய்வால் செம்பும், கசியும் எண்ணெயும் அதிற் கலக்கின்றன. நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் வந்த 2000-ஆம் ஆண்டுக்கு முன்னர் ஈயமும் மிகுந்திருந்தது. கோடையெல்லாம் சேர்ந்த அழுக்கை முதல் மழையே பெரும்பாலும் அடித்துச் செல்லும்.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியார், அந்நீரைச் செடி நட்ட தாழ்ந்த பாத்திகளில் தேக்கி மண்ணின் வழியே வடிக்கும் முறையை உருவாக்கினர். 2006 முதல் சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் வெப்ப மண்டல மழைக்கேற்ப இதனை விரிவாகக் கையாண்டு வருகிறது. உலோகங்கள் மேல்மண்ணின் சில அங்குலத்திலேயே சிக்கிக்கொள்கின்றன. எண்ணெயை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. நைட்ரேட் மட்டும், அடியில் காற்றுப்புகாத ஈர அடுக்கு இல்லையேல், எளிதில் தப்பிவிடும். டயரிலுள்ள ரசாயனம் ஒன்று ஓசோனோடு கூடி உருமாறிக் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதாக 2020-இல் கண்டறிந்தனர். மணலும் மட்கும் கலந்த மண்ணில் வடித்த சாலை நீரில் அம்மீன்கள் பிழைத்ததோ அதற்கு முன்னரே பரிசோதனையில் புலப்பட்டிருந்தது.

கடற்கரை மணல்

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இம்முறையைக் கைக்கொள்வோர் அங்குள்ள மணலின் இயல்பை முதலில் உணர வேண்டும். அம்மணலில் நீர் நின்று தெளியாமல் விரைந்திறங்கி, ஆழமற்ற நிலத்தடி நன்னீரை அடைந்துவிடும். ஆகவே மட்கும் சிறிதளவு ஏரி வண்டலும் கலந்து அதன் வேகத்தைத் தணித்தல் தகும். களி மிகுந்தாலோ நீர் இறங்காது, கொசு பெருகும். கடலூர்க் கரையின் மணற்காட்டில் உழவர் பயிரிடும் வெட்டிவேர், பல அடி ஆழம் நேராக வேரோடி மண்ணைப் பிணிக்கும் இயல்பினதாதலால், இதற்கு ஏற்றது.

முடிவுரை

பண்டை ஏரிக்கும் இன்றைய புல்வாய்க்காலுக்கும் வேகத்தைத் தணித்தல், படியவிடுதல் என்னும் காரியங்கள் பொது. ஆயின் ஏரி வண்டலைத் தேடி உழவன் வண்டி பூட்டி வந்தான். உலோகம் செறிந்த சாலை வண்டலை வயலில் இடவொண்ணாதாகலின், அதைத் தேடி வருவார் எவருமிலர். பயன் கருதி ஊரார் தாமே செய்த பணியை இனிச் செலவு கருதி ஒருவருக்கு விதித்தாக வேண்டும். சாலையோரத்தில் பள்ளம் தோண்டுவதற்கு மதிப்பீடு எழுதும்போதே, ஆண்டுதோறும் அதன் மேல்மண்ணை வழித்தெடுத்துப் பத்திரமான இடத்திற் சேர்ப்பவர் யார், அவருக்குக் கூலி எங்கிருந்து வரும் என்பதையும் எழுதி வைத்தலே, உத்தரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டிய விதியின் தாத்பரியத்தைப் பின்பற்றுவதாகும்.